நான் சுட்ட ஏழு பேரும் ஸ்வேதாவின் மூன்று தையலும்

செல்வி போன வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் வேலையை விட்ட பிறகு எங்கள் பள்ளிக்கூட வேனில் ஆயாவாக ஏறியவள் அவள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் அவளே படித்துக் காட்டினாள். இனிமேல் வேன் கதவிலேயே பிள்ளைகளின் பையைத் தடவிப் பார்த்து, போன் இருந்தால் வாங்கி வைக்க வேண்டுமாம். பெற்றோர் கூட்டத்தில் யாரோ வந்து பேசியிருக்கிறார். துப்பாக்கி கேம் விளையாடுகிற பிள்ளை நாளைக்கு நிஜமாகவே அடிக்கும், வெட்டும் என்று சொன்னாராம்.

“அக்கா, உள்ளதுதானா? நீங்க இம்புட்டு வருசம் பாத்திருக்கீகள்ல?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் இருந்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. “இருடி, சொல்றேன்” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது ஐந்து மணிக்கு. அவள் எழுந்தபோது புதுவயல் டவுன் பஸ் இரண்டு போய்விட்டன. “இதை எழுதி வைங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சாந்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள், ஆனால் சண்டையை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். சண்டையைத் திருத்தினால் உப்பில்லாத கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

நான் வேலை பழகியது இரண்டே நாள். எனக்கு முன்னால் இருந்த ஆயா முதல் நாள் எல்லாவற்றையும் காட்டினாள். இரண்டாம் நாள் பேரனுக்கு மொட்டையடிக்கப் போய்விட்டாள். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதை எல்லாம் வேன் சொல்லிக்கொடுத்தது.

வேன் நிற்கும் முன் கதவுக் கொக்கியில் கை வைக்கக் கூடாது. நின்றதும் முதலில் ஆயா இறங்க வேண்டும், பிறகுதான் பிள்ளை. பிள்ளையின் கையை வீட்டு ஆளின் கையில் சேர்த்த பிறகுதான் வேனின் தகரத்தில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. மாலையில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று தன் ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்சீட்டுக்கு அடியில் தூங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து நான் “காலி” என்று சொல்லாமல் டிரைவர் கருப்பையா சாவியை உருவ மாட்டார். பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். வேனில் இதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வேறோர் இடத்தில் கோட்டை விட்டேன். அதற்குத்தான் வருகிறேன், அதற்குள் பெரிய டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதல்வரை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கண்ணாடி கவிழ்ந்ததைப் பார்த்தால் பியூன் முதற்கொண்டு எல்லோரும் வெளியே ஏதாவது ஒரு வேலை தேடிக்கொள்வோம். தோட்டக்காரரே போனாலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். “உக்காருங்க, சொல்லுங்க” என்பார். அதன் பிறகு வாயே திறக்க மாட்டார். அந்த அமைதி தாங்காமல், கேட்காததையும் சேர்த்து நாமே கொட்டிவிடுவோம். ஒருநாள் வேன் ஏன் தாமதம் என்று கேட்டார். நான் டயரில் ஆரம்பித்து, என் நாத்தனார் கல்யாணத்தில் சாம்பாருக்காக நடந்த சண்டை வரைக்கும் போய்விட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, வேன் ஏன் லேட்டு?” என்றார்.

ஏதாவது தகராறு என்றால், பார்த்தவர் சொல்வதைத் தன் கையாலேயே எழுதுவார். எழுதியதைப் படித்துக் காட்டுவார். அப்புறம்தான் கையெழுத்து. எனக்குக் கைநாட்டு. மை டப்பாவில் கட்டைவிரலை உருட்டி, தாளில் ஒரு கோடு கூடக் கலையாமல் வைப்பேன். “ஒங்க கைநாட்டு அச்சு மாதிரி இருக்கு” என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சண்டைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பிள்ளைகள் எல்லாம் டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் வகுப்புப் பயல் ஒருவன் சீட்டின் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, ஏதோ கத்திக்கொண்டு பக்கத்துப் பையன் மேல் குதித்தான். அந்தப் பையன் விலகிவிட்டான். நான் இடையில் போய் விழுந்து பிடித்தேன். என் முட்டி போயிற்று. மழை வந்தால் அந்த முட்டி இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லும். அவன் இப்போது காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். முட்டிவலி மாத்திரையை அவனிடம்தான் வாங்குகிறேன்! அதனால் சின்னப் பிள்ளைகள் பார்த்ததைச் செய்யாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். செய்யும், குதித்துப் பார்க்கும். ஆனால் அவனுக்கு அந்தப் பக்கத்துப் பையன் மேல் ஒரு கோபமும் இல்லை. அடுத்த நிமிடம் இரண்டும் ஒரே கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தன.

யாழினி கதை வேறு.

எங்கள் வேன் அறந்தாங்கி சாலையில் உள்ள ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, புதுவயல் வழியாகக் காரைக்குடி வரும். யாழினி புதுவயலில் ஏறுவாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா முத்துமாரிக்கு அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை. விடிவதற்கு முன் ஆலைக்குள் போய்விட்டு, மகளை வேன் ஏற்ற மட்டும் வெளியே ஓடி வருவாள். தலை, புருவம் எல்லாம் தவிட்டுத் தூசி படிந்திருக்கும். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று பெரிய டீச்சரே கட்டணத்தைக் குறைத்துச் சேர்த்துக்கொண்டார். வேன் வரும் வரை அவள் அம்மாவின் போனில் துப்பாக்கி கேம் விளையாடிக்கொண்டிருப்பாள். டுமீல் டுமீல் என்று சத்தம் கேட்கும். வேன் நின்றதும் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஏறுவாள். அதிகம் பேச மாட்டாள்.

ஒரு புதன்கிழமை காலை புதுவயலைத் தாண்டி வேன் வேகம் எடுத்தது. நான் கதவுப் பக்கம் திரும்பிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் டங்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்வேதா புருவத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். விரலிடுக்கில் ரத்தம் வழிகிறது. யாழினி கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஸ்வேதாவும் ஒன்பதாம் வகுப்புதான். அவள் அப்பா ஜவுளிக்கடைக்காரர்.

ஒரு தட்டு தட்டி வேனை நிறுத்தினேன். முந்தானையைச் சுருட்டி ஸ்வேதாவின் புருவத்தில் அழுத்தினேன். யாழினியை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். நேராக ஆஸ்பத்திரி. மூன்று தையல். கண்ணுக்கும் காயத்துக்கும் ஒரு விரல் கூட இடைவெளி இல்லை.

பெரிய டீச்சர் கூப்பிட்டார். “உக்காருங்க, சொல்லுங்க.” அப்புறம் வழக்கமான அமைதி.

நான் என்ன பார்த்தேன்? கதவுக் கொக்கியைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, அது நம்மைச் சும்மா விடாது. “அந்தப் பிள்ளை எந்நேரமும் போன்ல ஆளச் சுட்டுக்கிட்டே இருக்கும் மேடம். அந்த வெறிதான் கையில எறங்கிருச்சு. வேற என்ன?” என்று சொல்லிவிட்டேன். டீச்சர் எழுதினார். படித்துக் காட்டப் போனார். “நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும், குடுங்க மேடம்” என்று வாங்கி, அச்சு மாதிரி ஒரு கைநாட்டு வைத்தேன்.

மறுநாளுக்குள் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பேச்சு. “ஆயாவே பாத்துருக்காகளாம். கேம் வெறியில அடிச்சதாம்.” ஸ்வேதாவின் அப்பா, அந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பாவிட்டால் தன் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்து முடிவு சொல்வதாகப் பெரிய டீச்சர் சொன்னார். அதுவரை யாழினி பள்ளிக்கு வரக் கூடாது என்றதும்தான் அவர் ஸ்வேதாவை அனுப்பச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை புதுவயலில் முத்துமாரி மட்டும் நின்றாள். வேன் கதவைத் திறந்ததும் என்னையே பார்த்தாள்.

“அக்கா, எம் மக அடிச்சத நீங்க பாத்தீகளா?”

“நான் கொக்கி மாட்டிக்கிட்டு இருந்தேந்தா.”

“அப்ப எதுக்கு அடிச்சான்னு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுச்சு?”

கருப்பையா ஹாரன் அடித்தார். நான் இரண்டு தட்டு தட்டினேன். அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாந்தி இதை எழுதும்போது, “இல்லியே அத்தே, அன்னைக்கு மீன்கொழம்பு ரெண்டு தடவை வாங்குனீக” என்கிறாள். சரி, மீன் குழம்பு மட்டும் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுவயலுக்குப் போனேன். வீடு ஆலைக்குப் பின்னாலேயே இருந்தது. யாழினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. “ஏத்தா, அந்தத் துப்பாக்கி வெளையாட்ட எனக்குக் காட்டு” என்றேன். வெறி எப்படித்தான் ஏறுகிறது என்று நானே பார்த்துவிடலாம் என்று வந்திருந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “ஒங்களுக்கா ஆயா?”

ஆத்தாடி, அந்த விளையாட்டு இருக்கிறதே! முதலில் ஏரோப்ளேனிலிருந்து குதிக்க வேண்டும். நான் ரயிலில் மதுரையைத் தாண்டாதவள். குதி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். விழுந்தது ஒரு வீட்டு ஓட்டின் மேல். இறங்க வழி தேடுவதற்குள் எவனோ சுட்டுவிட்டான். இரண்டாம் தடவையும் அதே ஓடு. மூன்றாம் தடவை தரையில் விழுந்து, துப்பாக்கியை எடுத்து, எதிரே நின்றவனைப் பட்டாசு மாதிரி சுட்டுத் தள்ளினேன்.

“ஆயா, அது மரம்!”

“மரமா? அப்பறம் எதுக்கு அம்புட்டு வெறப்பா நிக்கிது?”

முத்துமாரி வேலைக்கு இடையில் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். காரை எடுத்தேன், ஆற்றில் விட்டேன். “கருப்பையா அண்ணன் பாத்தா வேல போயிரும்” என்று யாழினி உருண்டு உருண்டு சிரித்தாள். மத்தியானத்துக்குள் நிஜமாகவே ஏழு பேரைச் சுட்டுவிட்டேன். ஏழாவது ஆள் விழுந்ததும் கட்டிலில் இருந்து எழுந்து ஒரு குதி குதித்தேன், முட்டி வலியையே மறந்து. அப்புறம் எனக்குள் வெறி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். பசிதான் இருந்தது.

“ஏத்தா, இது சந்தோசமால்ல இருக்கு. இத வெளையாண்டுட்டு எதுக்குடி அந்தப் பிள்ளைய அடிச்ச?”

அவள் சிரிப்பு நின்றது. “நான் ஏறுனதும் தெனமும் ஸ்வேதாவும் அவ கூட்டாளிக ரெண்டு பேரும் கைக்குட்டைய எடுத்து சீட்டத் தொடைப்பாளுக. தவிடு ஒட்டிக்கிருமாம். ஊதுவாளுக. மூக்கப் பிடிப்பாளுக. அன்னைக்கு அம்மா வெளியில நிக்கிறப்பவே ஸ்வேதா சன்னல் வழியா அம்மாவப் பாத்து ஊதுனா.” பிறகு சொன்னாள். “நீங்களும் தெனமும் பாத்தீகள்ல ஆயா? பாத்துச் சிரிச்சீகள்ல?”

ஆமாம், பார்த்தேன். சீட்டைத் துடைப்பதையும் ஊதுவதையும் ஒரு வருடமாக என் கண்ணாலேயே பார்த்தேன். சிநேகிதப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். மூன்று பேர் சிரிப்பதைப் பார்த்த எனக்கு, நான்காவது பிள்ளை சிரிக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பஸ் ஏறி வீடு வரும் வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லும் முன்னாலேயே உட்கார்ந்தேன்.

“மேடம், எங் கைநாட்டத் திருப்பிக் குடுங்க.”

“அது திரும்பாது. ஏன்?”

எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். “நீங்க வேணாம்னாலும் நான் அன்னைக்குப் படிச்சுக் காட்டிருக்கணும். பாத்தீகளான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்” என்றார். கோபம் அவர் மேலேயே. பிறகு புதுத் தாளை எடுத்தார். நான் சொன்னதை எழுதி, இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாம் தடவை நானே கேட்டுப் படிக்க வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். பெரிய டீச்சர், இரண்டு வாத்தியார்கள், ஸ்வேதாவின் அப்பா அம்மா, ஓரத்தில் முத்துமாரி. புதுத் தாளைப் படித்ததும் ஸ்வேதாவின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இந்தாம்மா, அன்னைக்கு ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்றீக. பொழுதன்னைக்கும் ஆளச் சுடுற பிள்ளைக்குக் கை எப்படிச் சும்மா இருக்கும்?”

“சார், ஞாயித்துக்கெழம நானும் ஏழு பேரச் சுட்டேன். திங்கக்கெழம காலையில தையல் போட்ட ஒங்க மகளுக்குத் தண்ணி பாட்டில் மூடியத் தொறந்து குடுத்ததும் நாந்தான்.”

வாத்தியார் ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார். அப்பாவுக்கு முகம் சிவந்தது. “நான் பிள்ளைக்குக் கண்ணு போயிருக்குமேன்னு நிக்கிறேன். ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா?”

“கண்ணு போயிருந்தா நானும் இங்க நின்னு பேச மாட்டேன் சார். அடிச்சது தப்புத்தேன். ஆனா எதுக்கு அடிச்சாள்னு ஒங்களுக்குத் தெரிய வேணாமா? வாயால சொன்னா ஒங்களுக்கு வெளங்காது.”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் எழுந்ததில் காலியாகக் கிடந்த நாற்காலிக்குப் போனேன். முந்தானையை உதறி அதை மூன்று தடவை துடைத்தேன். குனிந்து ஊதினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன். “இப்ப உக்காருங்க சார்” என்றேன்.

அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரத்தில் தலையைக் குனிந்திருந்த முத்துமாரியைப் பார்த்தார். அவர் மனைவிதான் வாய் திறந்தார்.

“உக்காருங்க. அந்தப் பிள்ளை தெனமும் உக்காந்துச்சுல்ல.”

டி.சி. பேச்சு அதோடு போனது. ஆனால் பெரிய டீச்சர் யாரையும் சும்மா விடவில்லை. அடித்ததற்கு யாழினிக்கு அந்த வாரம் முழுக்க வகுப்பு இல்லை, ஸ்வேதாவிடம் நேரில் மன்னிப்பும் கேட்க வேண்டும். துடைத்த மூன்று பேரும் முத்துமாரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தினமும் பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெமோ. என் முப்பது வருட வேலையில் அதுதான் முதல் மெமோ, கடைசியும் அதுதான். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தேன்.

செல்வியிடம் இதைத்தான் சொன்னேன். உலகத்துப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் பேசினவர் படித்தவர், அவருக்குத் தெரிந்திருக்கலாம். “பையத் தடவிப் பாரு, வேணாங்கல. அப்படியே ஏறுற பிள்ளை மொகத்தையும் ஒரு தடவ பாத்துருடி” என்றேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். தண்டனை முடிந்த திங்கட்கிழமை புதுவயலில் வேன் நின்றது. முத்துமாரி மட்டும் நின்றாள். “வர மாட்டேங்குறாக்கா. எல்லாரும் பாப்பாகளாம். பள்ளிக்கூடமே வேணாம், ஆலைக்கு வாரேங்குறா.” எனக்குத் திக்கென்றது. அத்தனையும் செய்து, பிள்ளை கடைசியில் ஆலைக்கா போவது? வேனில் பிள்ளைகளை விட்டு ஆயா நகரவே கூடாது. கருப்பையாவைக் கதவில் நிறுத்திவிட்டு ஓடினேன். ஆமாம், இந்த முட்டியோடுதான்.

நெல் மூட்டைகளுக்குப் பின்னால் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். கிளம்பிவிட்டு, கால் வராமல் உட்கார்ந்தவள். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி?

“ஏத்தா யாழினி, மருமக போன்ல அந்த வெளையாட்ட ஏத்திட்டேன். எப்பக் குதிச்சாலும் அதே ஓட்டு மேலயே விழுகுறேன். எறங்குறதுக்குள்ள சுட்டுப்புடுறாங்க. எப்படித்தா எறங்குறது?”

அவள் என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஓட்டுல நிக்காம பின்னாடி குதிக்கணும் ஆயா. அங்குட்டு வைக்கோல் இருக்கும்.”

“எங்குட்டு?”

“வாங்க, வேன்ல சொல்றேன்.”

பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வேனுக்குள் எல்லாத் தலையும் திரும்பியது. ஸ்வேதா, புருவத்தில் பிளாஸ்திரியோடு, பக்கத்து சீட்டில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. யாழினி அந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.